ஈர மணலில் நின்ற வண்டி

திருவொற்றியூர் குப்பம்,
25-5-2004

அன்பு மருமகள் சினேகாவுக்குத் தாய்மாமன் கோதண்டம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை பாரியும் குழந்தை எழில்மொழியும் சுகமாக இருக்க வேண்டியது.

நான் அப்பவே சொன்னேன். மஸ்கட்டுக்குப் போறப்போ நீ உன் காரு வண்டியை வித்துடலாம்னு நின்னே. நான்தான், "விக்காத கண்ணு, இந்த வண்டியாலதான் ஒருநாள் உங்கப்பன் மனசு எறங்கும், எழுதி வெச்சுக்கோ"ன்னேன். நீ எழுதி வெச்சுக்கல. அதனால இப்ப நானே எழுதுறேன்.

நீ உங்கப்பன் பேச்சை மீறி வியாசர்பாடிப் பிள்ளையைக் கட்டிக்கினு ஆறு வருஷம் ஆச்சு. அன்னிக்கு உங்கப்பன், என் மச்சான் ரகுபதி சொன்னது உனக்கும் மறந்திருக்காது, எனக்கும் மறக்கல. "அவளுது ஒரு துரும்பு கூட என் வாசல்ல நிக்கக் கூடாது." அதனாலதான் வண்டியை ராயபுரத்துல நம்ம அமீருதீன் பாய் ஷெட்டுல போட்டு, வாரம் ஒரு தபா போய் ஸ்டார்ட் பண்ணிட்டு வர்றேன்.

போன ஞாயித்துக்கிழமை உன் சித்தப்பா ஜெகதீசனுக்குப் பால் ஊத்துற நாள். கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்து ஆள் வராமப் போன அதே எடத்துல, அண்ணன் கையாலதான் ஊத்தணும். பதினோரு வருஷமா மச்சான் ஒரு வருஷம் தவறல. எண்ணூர் தாண்டி தார் ரோடு முடிஞ்சா ஒன்றரை கிலோமீட்டர் மணல். போன வருஷம் வரைக்கும் நடந்தாரு. தை மாசம் படகு இழுக்கறப்போ கயிறு அறுந்து அடிச்சு முட்டி போச்சே, இந்த வருஷம் எப்படி நடப்பாரு. ரெண்டு நாளா மனுஷனுக்குச் சோறு எறங்கல. நான் வண்டியை எடுத்துட்டேன்.

வாங்கின நாளா தார் ரோட்டைத் தவிர வேற எதையும் மிதிக்காத வண்டி. மணல்ல எறக்கினதும் ஒட்டகம் தோத்துச்சு போ. நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டினப்போ ஜப்பான் கப்பல் கேப்டனே எறங்கி வந்து கை குடுத்தாரு, எனக்கு மணல் இன்னா பெருசு. தண்ணி ஓரமா ஈர மணல்லயே வுட்டேன். அவ்ளோ கனமான கட்டுமரமே ஈர மணல்ல வழுக்கினு போவுது, சக்கரம் வெச்ச வண்டி போவாதா. போச்சு. அறுபதுல போச்சு.

நிறுத்தினதுதான் பேஜாரு. மச்சான் எறங்கிப் பாலை ஊத்தி, தம்பி பேரைச் சொல்லிக் கும்புட்டுத் திரும்பறதுக்குள்ள, அலை நாலு தபா வந்து சக்கரத்தடி மணலை வாரிக்கினு போயிடுச்சு. வண்டி வயித்துல ஒக்காந்துகீது. நான் முறுக்க முறுக்க இன்னும் எறங்குது. உன் அம்மா பால் சொம்பைப் புடிச்சுக்கினு அழுறா.

கரைவலை இழுத்துக்கினு இருந்தவங்க அறுபது பேரு ஓடியாந்தாங்க. "இன்னா மாமு, படகா இது, காரா"ன்னு ஒரு பையன் கேக்குறான். மச்சான் கோலை ஊனிக்கினு முன்னால வந்தாரு. "முன்னால கட்டாதீங்கடா, பின்னால கட்டு. வந்த தடத்துலயே வரட்டும். சக்கரத்துக்கு அடியில கட்டையைக் குடு"ன்னாரு. படகு ஏத்துற மாதிரியே கயிறு கட்டி, குரல் குடுத்து இழுத்தாங்க.

அப்ப அந்தப் பையன் கேட்டான், "யாரு வண்டி, பெருசு?"

மச்சான் இத்தனை பேர் எதிர்ல சொன்னாரு கண்ணு, "என் பொண்ணு வண்டிடா. பார்த்து இழு."

அப்புறம் வண்டி உங்க வூட்டு வாசல்லயே வந்து நின்னுச்சு. இந்தத் தண்ணிக் கஷ்டத்துல, லாரித் தண்ணி ஒரு டிரம் ஊத்தி, அடியில ஒட்டின உப்பை நானே கழுவி எடுத்தேன். எவன் செய்வான் சொல்லு.

போன்ல சொல்லியிருப்பேன். உன் அம்மா ரிசீவரைப் புடுங்கிக்கிறா.

இப்படிக்கு,
ஆசை மாமா
கோதண்டம்


மஸ்கட்,
10-6-2004

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் திட்டிவிடுகிறேன். அந்த வண்டி பார்க்கத்தான் ஜீப் மாதிரி. முன் சக்கரம் இரண்டும் மட்டுந்தான் இழுக்கும். மணலில் இறக்குவதற்கு முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ஈர மணலில் நிறுத்தவே கூடாது. இதையெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைகள் கூடச் சொல்கிறார்கள். அலை இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்திருந்தால்? அப்பாவால் ஓடக்கூட முடியாதே.

அப்பாவுக்கு முட்டியில் அடிபட்டதை எனக்கு யாருமே சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில், போகிற போக்கில் தெரிந்துகொண்டேன். அதுவும் போகட்டும்.

உங்கள் கடிதங்களைப் பாதி கழித்துப் படிப்பது என் வழக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மாவே சொல்லிக்கொடுத்ததுதான். ஜப்பான் கேப்டனைக் கழித்தேன். அறுபது பேரை முப்பதாக்கினேன். ஆனால் அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் கழிக்க மனம் வரவில்லை. பாரியிடம் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி, தானே இன்னொரு முறை படித்தார். கல்யாணமான மறுவாரம் அப்பா வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியவர். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று சாயங்காலம் அவராகவே போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜூலை நான்காம் தேதி, ஞாயிறு காலை வருகிறோம். உங்கள் வீட்டுக்கு இல்லை, நேராக அப்பா வீட்டுக்கு. எழில்மொழிக்கு "தாத்தா" என்று சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். "என் பொண்ணு" என்று சொன்னவருக்கு அவசியமில்லை.

அன்புடன்,
சினேகா


திருவொற்றியூர் குப்பம்,
19-6-2004

அன்பு மருமகள் சினேகாவுக்கு,

உன் கடிதம் வந்து மூணு நாள் ஆச்சு. பதில் எழுத ஒக்காந்து ஒக்காந்து எழுந்துட்டேன். உன் அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "போய் உண்மையை எழுதுடா பாவி, குழந்தையைத் தூக்கிக்கினு வாசல்ல வந்து நிக்கப்போறா"ன்னு சொல்லிட்டு, ஒரு நாள் பூரா எங்கூடப் பேசல.

இதைப் பாரி மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு. அவரு திரும்பவும் அந்த வாசல்ல ஏமாந்து நிக்கக் கூடாது.

அறுபது பேர் இல்ல, பதினாலு பேரு. வண்டி போனது இருபதுல. கேப்டன் கதையை நீயே கழிச்சுட்டே. இதெல்லாம் என் வாய்க்கொழுப்பு, வுடு.

உங்கப்பனை வண்டியில ஏத்தறதுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். அமீருதீன் பாய் வண்டி, ஒரு நாளைக்கு இரவல் வாங்கினு வந்தேன்னு சொன்னேன். உன் வண்டியை அவரு பார்த்ததே இல்ல. உன் வண்டின்னு தெரிஞ்சா ஏறியிருக்க மாட்டாரு, தம்பிக்குப் பால் நின்னு போயிருக்கும். உன் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். கட்டையைக் குடுன்னு சொன்னது அவருதான். கயிறும் புடிச்சாரு, அந்த முட்டியோட. அது பொய் இல்ல.

வண்டியைக் கழுவினது நான் இல்ல. அதுவும் அவருதான். வூட்டாண்ட வந்ததும் நான் ராயபுரத்துக்குக் கெளம்பினேன். "நில்லு"ன்னாரு. அன்னிக்குக் காலையில லாரியில புடிச்ச தண்ணி, குடிக்கிறதுக்கும் சோத்துக்கும் இருந்த ஒரே டிரம். அத்த வண்டிகிட்ட நகர்த்தச் சொன்னாரு. காலை நீட்டித் தரையில ஒக்காந்து, மொண்டு மொண்டு அடியில ஊத்தினாரு. சக்கரம் சக்கரமா நகர்ந்து ஒக்காந்தாரு. "குடிக்கிற தண்ணிய்யா"ன்னு உன் அம்மா கத்துறா. "வுடு மச்சான், பாய் பார்த்துப்பாரு"ன்னேன் நான். "உப்பு நின்னா அடித் தகரத்தைத் தின்னுடும்"னாரு. அவ்ளோதான் பேச்சு.

உள்ள மணலைப் பெருக்கறப்போ பின் சீட்டுக்கு அடியில ஒரு குழந்தை செருப்பு கெடந்துச்சு. ஒத்தை. மிதிச்சா கீச்சுனு கத்துமே, அந்த மாதிரி. நீங்க மஸ்கட்டுக்குப் போறதுக்கு முன்னால எழில்மொழி நடை பழகறப்போ போட்டதா இருக்கும். அமீருதீன் பாய் வூட்டுல சின்னக் குழந்தை கெடையாது, பசங்க மூணு பேரும் வளர்ந்து லாரி ஓட்டுறானுங்க, அது மச்சானுக்கும் தெரியும். கையில வெச்சு அமுக்கினாரு. தண்ணி ஏறியிருந்துச்சு, சத்தம் வரல. டிரம்முல மிச்சம் இருந்த தண்ணியில அந்தச் செருப்பையும் கழுவி, ஜன்னல் கட்டையில காயவெச்சாரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு வரைக்கும் அது அங்கதான் கீது.

அவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு நான் எழுத மாட்டேன். எழுதினா அதுவும் என் கைவேலை ஆயிடும். நான் கண்ணால பார்த்ததை மட்டும் எழுதியிருக்கேன். வர்றதும் வராததும் நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. வந்தா மீனம்பாக்கத்துல நான் நிப்பேன், அந்த வண்டியோட.

அந்தப் பையன் "யாரு வண்டி, பெருசு"ன்னு கேட்டது நெஜம். உங்கப்பன் பதில் சொல்லல கண்ணு, கடலைப் பார்த்துக்கினு நின்னாரு. "அமீருதீன் பாய் வண்டி"ன்னு நான்தான் சொன்னேன். வூட்டுக்கு வந்து கடிதம் எழுதறப்போ அது எனக்கே நல்லா இல்ல. இத்தனை பேர் எதிர்ல யாராவது ஒருத்தர் அது உன் வண்டின்னு சொல்லியிருக்கணும்னு தோணுச்சு. அதனால அவர் வாயில வெச்சு நானே எழுதிட்டேன்.

மாமா
கோதண்டம்