ஐஸ் பேக்டரி மாடியில் ஒரு கண்ணாடி

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் கடிதம். தெருக்கோடிப் பள்ளிக்கூட மாடியிலிருந்து, காற்றைச் சோதிக்கிற உங்கள் ஆபீஸ் லேசர் வந்து, எங்கள் ஐஸ் பேக்டரி மாடியில் நீங்கள் வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அதை வைத்து, ஐஸ் உறைய வைக்க எங்கள் குழாயில் ஓடும் அம்மோனியா காற்றில் கலக்கிறது என்று நீ ரிப்போர்ட் எழுதிவிட்டாய். முதலாளி, "உன் தங்கச்சிதானே? பேசி சரி பண்ணு. இல்லேன்னா இழுத்து மூடிடுவாங்க" என்கிறார். குழாய் குழாயாக மோந்து பார்த்துவிட்டேன். ஒரு மண்ணும் இல்லை. உன் மெஷினுக்குத்தான் ஏதோ கோளாறு.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

அம்மோனியா அந்த ஒளியில் கொஞ்சத்தைக் குடித்துவிடும். எவ்வளவு குறைந்து திரும்புகிறதோ, அதுதான் கணக்கு. உன் மூக்குக்கு எட்டாததும் அதற்கு எட்டும். ஆனால் எனக்கும் குழப்பம்தான். காலையில் மட்டும் சர்ரென்று ஏறுகிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது. குழாய் என்ன, நேரம் பார்த்தா ஒழுகும்? காலையில் அங்கே யார் என்ன செய்கிறார்கள்?

தங்கச்சி

மார்ச் 13

தங்கச்சி, சிரிக்காதே.

நான்தான்! உன் கண்ணாடியில் தூசி படியக் கூடாதே என்று தினம் காலையில் மாடியேறி, ஜன்னல் துடைக்கிற நீலத் தண்ணீரை அடித்துத் துடைக்கிறேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே அம்மோனியா என்று போட்டிருக்கிறது! "தங்கச்சிக்கு உதவுறேன்னு எங்க பொழப்புல மண்ண போட்டியேய்யா" என்று முதலாளியே சிரித்துவிட்டார். இனி தொடமாட்டேன். பாட்டில்தான் காரணம் என்று ஒரு வரி எழுதிவிடு.

அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ துடைப்பதை விட்டதும் காலை ஏற்றம் காணாமல் போய்விட்டது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன அளவு, பகலும் இரவும், அப்படியே நிற்கிறது. அது உன் பாட்டில் இல்லை. உங்கள் பேக்டரியா, வேறெங்காவதா, தெரியவில்லை. பாட்டில் விஷயம், இந்த மிச்ச அளவு, இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். நேரில் வந்து சோதிப்பார்கள். கம்ப்ரசர் பக்கத்திலேயே நிற்கிறவன் நீ. எனக்கு வேறு வழி தெரியவில்லை அண்ணா.

தங்கச்சி

ஏப்ரல் 17

தங்கச்சிக்கு,

கம்ப்ரசருக்குப் பின்னால், சுவருக்குள் போகிற குழாயில் கசிவு. பேக்டரியை மூடியாயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உன்மேல் வருவது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கே புரியவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே. நேற்று உன் அண்ணி, "ராத்திரி இருமுறதே இல்லையே இப்பல்லாம், கவனிச்சீங்களா?" என்றாள். எனக்கு இருமல் இருந்ததே எனக்குத் தெரியாதும்மா.

அண்ணன்