கதவு நிலையில் இரண்டு கோடுகள்

ஆகஸ்ட் 11

கோடைக் கண்காட்சி முடிந்தது. இன்று முதல் பார்வையாளர்கள் கிடையாது. மழைக்காலக் கண்காட்சிக்கு எல்லா அறைகளையும் மாற்ற வேண்டும். மெல்லிய திரைகளை இறக்கிக் கனமானவற்றை ஏற்றுவது, நீர்வண்ணப் படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைப்பது, நாற்காலிகளை ஜன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளுவது. இந்த வீடு அருங்காட்சியகமாகும் முன், ஓவியர் குடும்பத்தோடு இங்கே வாழ்ந்த காலத்தில்கூட மழைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் செய்திருக்க மாட்டார்கள்.

முதுகுக்குப் பின்னால் வேலையாட்கள் என்னைத் "தொடாதம்மா" என்கிறார்கள். இன்றுதான் காதில் விழுந்தது. கோபமே வரவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வீட்டில் ஒரு ஆணியைத் துடைப்பதானாலும் கேட்டுவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தானே.

இயக்குநர் வெளியூரில் இருக்கிறார். சாப்பாட்டு அறையின் பெரிய அலமாரியை நகர்த்தி, அதற்குப் பின்னால் இருக்கும் பழைய கதவு தெரியும்படி செய்யச் சொல்லி ஃபோன் வந்தது. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த அலமாரி அசைந்ததே இல்லை. நகர்த்திப் பார்த்தால் கதவு நிலையெல்லாம் ஒரே அழுக்கு, கறுப்புக் கறுப்பாய்க் கீறல். நடையில் வேலையாக இருந்த பெயின்டரைக் கூப்பிட்டு, "இதுக்கும் ஒரு கோட்டிங் குடுத்துடுங்க" என்றேன். சாயங்காலத்துக்குள் பளிச்சென்று ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 14

திரைகள் முடிந்தன. என் இடுப்பும் முடிந்தது. வீட்டுக்காரர் தைலம் தேய்த்துவிட்டார், கிண்டலோடு சேர்த்து.

ஆகஸ்ட் 18

எழுதவே கை வரவில்லை.

இயக்குநர் ஊரிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார். ஓவியரின் மகன் வீட்டு ஆல்பத்தில் இருந்ததாம். ஓவியரின் மனைவி சாப்பாட்டு அறைக் கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். நிலை முழுக்கப் பென்சில் கோடுகள். அவருடைய இரட்டைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், வளர வளர அளந்து போட்டவை. ஒரே நிலைக்காலில் இடப்பக்கம் பையன், வலப்பக்கம் பெண். கடைசியாகப் போட்ட இரண்டு கோடுகள் மட்டும் தெரியவில்லை, அம்மாவின் கை மறைக்கிறது.

"இந்த சீசன் பூரா பிள்ளைங்கதான். அவர் பிள்ளைங்கள வெச்சு வரைஞ்ச படங்க, நடுவுல இந்தக் கதவு. அழைப்பிதழ்ல இந்த போட்டோவத்தான் போடப்போறேன். அந்தக் கைக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்கவே ஜனங்க வருவாங்க" என்றார்.

நான் பெயின்ட் அடிக்கச் சொன்ன அதே நிலை. கீறலாம்! அழுக்காம்! கண் எங்கே போயிற்று எனக்கு?

கதவைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெயின்ட் வேலை நடக்கிறது, ஒரே நெடி, தலை வலிக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் வருமென்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 19

சொல்லவில்லை. "தலைவலி போச்சா மேடம்?" என்று நானே கேட்டேன். வலித்ததே இல்லையே என்று சிரித்தார். பெயின்ட் காய வேண்டும் என்று இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21

செய்துவிட்டேன்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுப் பெயின்டைத் தேநீர் நனைத்த துணியால் ஒற்றி மங்க வைத்து, ஒவ்வொரு கோடாகப் போட்டேன். கோணலாக இருந்ததைக் கோணலாகவே போட்டேன். தொழில் தெரிந்த கை பாருங்கள். படத்தில் தெரிந்த வரைக்கும் பரவாயில்லை. அந்தக் கைக்குப் பின்னால்?

யோசித்தேன். பெண் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள். என் மகள் அப்படித்தான், ஒரே வருஷத்தில் பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. வலப்பக்கக் கோட்டைப் பையன் கோட்டுக்கு ஒரு பிடி மேலே போட்டேன்.

சாயங்காலம் இயக்குநர் வந்து பார்த்து மெய்மறந்து நின்றார். "தொட்டுடாதீங்க" என்றேன். நானே சொன்னேன், என் வாயால்.

செப்டம்பர் 2

திறப்பு விழா. ஓவியரின் மகன் வந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை, ஆனால் முதுகு நேர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். 

"அட, அவதான் உசரமா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு அங்கேயே ஃபோனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். அந்த அம்மா அதிகம் நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கிறாராம்.

"ஏய், ஜெயிச்சுட்டடி. அம்மா போட்ட கோடே சொல்லுது. நான்தான் தோத்துட்டேன்."

 ஃபோனிலிருந்து, "நான் வந்து பார்க்கணும்" என்று ஒரு குரல்.

அவரே இயக்குநரிடம் விளக்கினார். இந்தக் கண்காட்சிக்கென்று கூடத்தில் புதிதாக மாட்டியிருக்கும் படத்தில், அதே வயதில், இருவரும் ஜன்னல் பக்கம் நிற்கிறார்கள், பையன்தான் உயரம். தங்கை ஆயுசு பூராவும் ஒரே புகார் சொல்வாராம்: அப்பா உனக்காக ஒரு பிடி உசத்தி வரைந்தார், பொய்யாக வரைந்தார் என்று. இவர் ஒப்புக்கொண்டதே இல்லை. எங்கப்பா கண்ணால் பார்க்காததை வரைய மாட்டார் என்று சண்டை போடுவாராம்.

"அவர் கையில பொய் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

செப்டம்பர் 5

கூட்டம் அலைமோதுகிறது. இயக்குநர் கூடத்துப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்துவிட்டார்: "ஓவியம் ஒன்று சொல்கிறது, கதவு நிலை வேறொன்று சொல்கிறது." ஜனங்கள் முதலில் கதவைப் பார்க்கிறார்கள், அப்புறம் படத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் சிரிக்கிறார்கள். "பையன்னா ஒரு பிடி உசத்திதான், எந்த வீட்லயும்" என்றார் ஒரு பெண். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் உண்மை இல்லாமலா? ஆனால் இந்த ஓவியர் செய்யவில்லையே. செய்தாரா? எனக்கு மட்டும் என்ன தெரியும்? தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியின் மேல்தான் பெயின்ட் அடித்துவிட்டேனே.

செத்துப்போனவர் வந்து சண்டை போட மாட்டார் என்கிற தைரியம் எனக்கு.

செப்டம்பர் 8

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை.

"சொல்லிடேன். வேலை போனா போகுது."

வேலை இல்லை விஷயம். தொடாதம்மாதான் தொட்டாள் என்று அந்த வீட்டில் ஒரு ஆள் விடாமல் பேசுவார்கள். அதைத் தாங்க முடியாது. இவ்வளவுதான் நான். எழுதிப் பார்த்தால் இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

செப்டம்பர் 12

ஓவியரின் மகன் தங்கையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். வாராந்திர விடுமுறை, வீட்டில் வேறு யாரும் இல்லை. இயக்குநர் என்னைத்தான் கூட இருக்கச் சொன்னார். அந்த அம்மா கதவு நிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நிலையைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வேண்டுமென்று அண்ணனை அனுப்பினார்.

"இது யாரு போட்டது?"

நான் குனிந்து நிலையின் அடியில் இல்லாத தூசியைத் தட்டினேன்.

"நான் எப்பவும் அவன் காதளவுதாம்மா. அந்தக் கடைசிக் கோடு போட்ட அன்னிக்கு அழுதேன், குட்டச்சின்னு சொல்லிட்டான்னு. மறக்குமா?"

"அப்போ அந்தப் படம்..."

"அப்பா உள்ளத உள்ளபடிதான் வரைஞ்சார். சும்மா இவன வெறுப்பேத்த ஆரம்பிச்சேன். மூஞ்சி அப்படியே செவந்துபோகும், பார்க்கவே நல்லா இருக்கும். அப்புறம் விடவே முடியல." கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "என் பொய்க்கு நீ சாட்சி வெச்சுட்டியேம்மா. அன்னிக்கி ஃபோன்ல தோத்துட்டேன்னான். அதுலேர்ந்து சரியாப் பேசவே மாட்டேங்கிறான், அப்பா படத்தையெல்லாம் வீட்டுச் சுவத்துலேர்ந்து எறக்கிட்டான்."



"நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

"அப்போ ஒக்காரு. அவன் வரட்டும். நான் என்னோடத சொல்றேன், நீ உன்னோடத சொல்லு."

அவர் தண்ணீரோடு வந்தார். நான் முதலில் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, பெயின்டரைக் கூப்பிட்டதிலிருந்து. அந்த அம்மா அடுத்துச் சொன்னார். அண்ணன் தண்ணீரைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தார், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அதில் கணக்குத் தீர்ந்தது. இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"இத்தன நாளா எங்கப்பாவப் பொய்யர்னு நெனச்சுட்டேனேம்மா" என்றார். "அதுக்கு நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேப்பேன்?"

அவர் கையிலேயே இருந்த தண்ணீரை வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். 

செப்டம்பர் 13

இயக்குநரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. நிலையை நெருங்கிப்போய் விரலால் தொட்டார், முதல் தடவையாக. "கீழ இருக்கிறத எடுக்க முடியுமான்னு நிபுணர்கிட்ட கேக்கிறேன்" என்றார். சாயங்காலமே பதில் வந்தது: பெயின்டைச் சுரண்டினால் பென்சிலும் கூடவே வந்துவிடும். முடியாது.

அறைச் சாவிகளை வாங்கிக்கொண்டார். கோடுகளை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். இருக்கட்டும். புது அட்டைய நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதினேன்: "இந்தக் கோடுகள் ஓவியரின் மனைவி போட்டவை அல்ல. அவர் போட்டவற்றை அறியாமல் வண்ணம் பூசி மறைத்துவிட்ட இவ்வீட்டின் ஊழியர் ஒருவர், பிறகு அந்தத் தவறை மறைப்பதற்காக வரைந்தவை. ஓவியத்தில் உள்ளதே உண்மை." இயக்குநர் "அறியாமல்" என்பதை மட்டும் அடித்தார். கேட்டிருந்தால் அறிந்திருப்பீர்களே என்றார். சரிதான்.

அக்டோபர் 6

வாசலில் எனக்கு ஒரு மேசை. வருகிறவர்களின் குடைகளையும் பைகளையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்க வேண்டும். மழை விட்டபாடில்லை. குடைகள் சொட்டிக்கொண்டே இருக்கின்றன, துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஓவியரின் மகன் போன வாரம் வந்தார். கூடத்துப் படத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். குடையை என்னிடம் கொடுத்தார், போகும்போது வாங்கிக்கொண்டார். 

இன்று மத்தியானம் ஒரு பெண்மணி உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, குடையைத் திரும்ப வாங்க வந்து நின்றார். அட்டையைப் படித்திருக்கிறார், பேசாமல் இருக்க முடியவில்லை.

"என்ன நெஞ்சழுத்தம் பாருங்க அந்த ஆளுக்கு! வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கதானே?"

"இல்லைங்க" என்றேன். "குடை வாங்கி வைக்கிற எடத்துக்கு மாத்திட்டாங்க."

அவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருடைய குடையை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, கையில் கொடுத்தேன்.