எங்கள் கடைக் கீற்று

2004 ஆகஸ்ட், வெள்ளி

விறகடுப்பு எரியும் கடைகளுக்குக் கீற்றுக் கூரை கூடாது என்று இன்று பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. மற்ற பெண் உறுப்பினர்கள் வாசலில் நின்ற தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்கினார்கள். இவரும் அங்கேதான் நின்றார். எங்கள் பிரியாணிக் கடைக்கும் கீற்றுதான். முகத்தைப் பார்த்தால் எனக்குக் கை எழாது. பார்க்காமலே தூக்கினேன்.

வெளியே வந்தால் இவரைக் காணோம். கோபம்தான் என்று நினைத்துக்கொண்டே கடைக்கு நடந்தேன். கூரைமேல் உட்கார்ந்து கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் தூசி.

"நம்ம கடையில மொதல்ல பிரிச்சாத்தானே நீ தூக்குன கைக்கு மருவாதி. செத்த ஏணியப் பிடி," என்றார்.

பிடித்தேன். மழை வந்தால் அடுப்பை என்ன செய்வது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது தூறுகிறது. தூறல் கேட்டும் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார், எனக்காக.