பொன்னாயி அக்காவின் பூட்டிய வீடு

செவ்வாய், இரவு.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பொன்னாயி அக்கா குடும்பத்தோடு மிளகு பறிக்கப் போய், ஒரு மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார். அந்தப் பூட்டை வீடியோ எடுத்து, 'கொல்லிமலைப் பேய் வீடு' என்று என் சேனலில் போட்டேன். இன்று மரவள்ளிக்கிழங்கோடு வந்தார்.

"ஏஞ்சாமி, எங்கூட்டுல பேய் இருக்குதுன்னு போன்ல சொன்னியாமா? பாப்பாவப் பொண்ணு பாக்க வாரோம்னவங்க இப்ப வல்லீன்னுட்டாங்க. பேயெல்லாம் இல்லீன்னு இன்னொருக்கா சொல்லிரு கண்ணு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையாட்டிவிட்டுக் கிழங்கை வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த வீடியோவை நீக்கத்தான் போனைத் திறந்தேன். என் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். பேய் இல்லை என்று சொன்னால் யார் பார்ப்பார்கள்?

கிழங்கைத் தின்றுவிட்டேன். வீடியோ இன்னும் இருக்கிறது.