தம்பி வீட்டுச் சுவரில் இருந்த படம்

அன்புள்ள அப்பாவுக்கு ஆன்மேரி எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு சுகர் குறைஞ்சதா? கே.கே. நகர்ல தண்ணி ஒழுங்கா வருதா? நான் நல்லா இருக்கேன்.

போன சனிக்கிழமை மியூனிக்லருந்து தனியா ரயிலேறி வியன்னா போனேன். நாலு மணி நேரமும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கல. டிராம்ல ஊரைச் சுத்திட்டு, பெரிய கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு, சொல்லாமப் போய் தம்பி ஆன்சன் வீட்டுக் கதவைத் தட்டுனேன். ஒரு பொண்ணு திறந்து, "வாங்க மதினி"ன்னா.

சுவத்துல அவங்க கல்யாணப் படம். பக்கத்துல நீங்களும் அம்மாவும் சிரிச்சிட்டு நிக்கிறீங்க. அம்மா கட்டியிருந்தது நான் எடுத்துக் குடுத்த பட்டுச்சேலை.

"அக்கா இருக்க தம்பிக்கு முடிச்சா நீ வருத்தப்படுவேன்னு அப்பாதான் சொல்ல வேண்டாம்னாரு"ன்னான் ஆன்சன்.

ஜனவரியில தூத்துக்குடிக்கு யாரோ சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிட்டு, வேளாங்கண்ணி போனோம்னு சொன்னீங்களேப்பா. எனக்கு முப்பத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆகலேன்னு நான் ஒருநாளும் அழுததில்ல. வியன்னா ஸ்டேஷன்லதான் அழுதேன்.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, வழிக்குச் சோறு கட்டிக் குடுத்தா. அம்மாகிட்ட கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்க.

ஆஸ்பத்திரியில வார்டு டூட்டிக்கு நேரமாச்சு, போறேன். இந்த ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ண மாட்டேம்ப்பா.

மகள்
ஆன்மேரி