செத்த கிருமியும் சில்வர் பேணியும்

ஜனவரி 6, திங்கள்
பனி உருகிச் சேறு. ஆஸ்பத்திரி போவதற்குள் சப்பாத்து நனைந்துவிட்டது. தோலில் இருந்த பழைய படைகள் எல்லாம் சிவந்து தடித்துக் கிடக்கின்றன. வலது முழங்கை, தொடவே முடியாத நோ. டொக்டர் சொன்னதைப் பேத்தி மீரா தமிழில் சொன்னாள்.
"அம்மம்மா, குட்டநோய்க் கிருமி மருந்திலை செத்துப்போச்சாம். இவ்வளவு நாளும் நித்திரை கொண்ட நோயெதிர்ப்பு இப்பதான் முழிச்சு, செத்த கிருமியோடை அடிபடுதாம். இடையிலை நரம்புதான் அடி வாங்குதாம்."
"என்ரை உடம்பெல்லோ. லேசிலை விடுமே?"
டொக்டருக்கும் சிரிப்பு. பிரெட்னிசோலோன் குளிசை. வீக்கத்தை அடக்குமாம். இடையில் நிறுத்தினால் விரல் மடங்கிவிடுமாம்.

ஜனவரி 8
வாங்க: பால், வெண்டிக்காய், கைக்கு எண்ணெய்.
ரஞ்சிதம் போன். இவருடைய தங்கை. மகனுக்குக் கலியாணம்.
"மச்சாள், ஆலாத்தி எடுக்க வேறை ரெண்டு பேரைச் சொல்லிப்போட்டன். நீங்கள் வந்து இருந்து பாருங்கோ. வருத்தக்காரியெல்லோ."
மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்சாதி நான். நோய்க்காரி, ஆகாதாம். இந்த நாட்டுக்கு வந்த அன்று பிளேனால் இறங்கி விறைத்து நின்றவளுக்கு நான்தான் என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன்.
போன தீபாவளிக்கு அவள் எனக்குத் தேத்தண்ணி தந்த சில்வர் பேணி. அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு, அடையாளத்துக்கு. மற்றப் பேணிகளில் இல்லை, கவிழ்த்துப் பார்த்தேன். இனித் தொற்றாது என்று அவளுக்கும் தெரியும். பேணி அன்றைக்கே என் கைப்பைக்குள்.

ஜனவரி 30
முகம் பூசணிக்காய். குளிசையின் வேலை. இந்த முகத்தோடு போனால் ரஞ்சிதத்துக்குக் கொண்டாட்டம். குளிசையை விட்டுவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி 6
தேத்தண்ணி கை நழுவி விழுந்தது. சின்ன விரலும் பக்கத்து விரலும் நிமிரவில்லை. டொக்டரிடம் ஏச்சு. மீரா பாதியைத்தான் தமிழில் சொன்னாள்.
"ஏன் நிப்பாட்டினனீங்கள்? கை வேண்டாமே?"
"வேணும். ஒரு அலுவல் கிடக்கு."
திரும்பவும் குளிசை. முகம் வீங்கட்டும்.

பெப்ரவரி 24
வெயில், ஆனால் கடுங்குளிர். பேணியில் தண்ணீர் நிரப்பிப் பிடித்துப் பழகினேன். பாதி சிந்தியது. நோ குறைவு.

மார்ச் 8, சனி
கலியாணம். ஆலாத்தியை வேறு இருவர் எடுத்தார்கள். பார்த்துக்கொண்டு இருந்தேன். பாயாசம் வந்ததும் கைப்பையிலிருந்து அந்தப் பேணியை எடுத்து நிரப்பினேன். சம்பந்தி வீட்டார் முன்னால், அடிப்பொட்டு அவளுக்குத் தெரிய, வலக்கையால் தூக்கி நீட்டினேன்.
"குடியும் மச்சாள். என்ரை கையாலை."
பொட்டைக் கண்டாள். முகம் வெளிறிவிட்டது.
"ஆசையாத் தாறா, குடியுங்கோவன்" என்றார் சம்பந்தியம்மா.
விரல் முழுக்க நிமிரவில்லை. பிடி போதும். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.
குடித்தாள்.
"இன்னுங் கொஞ்சம் விடட்டே?" என்றேன்.