காது குத்த ஒரு மடி

பெங்களூரு
4.2.2024

அன்புத் தம்பி வெற்றிவேலுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? மலையில் உன் போனுக்கு டவர் கிடைப்பதற்குள் எனக்குக் கிழப்பருவம் வந்துவிடும். அதனால் கடிதம்.

பார்சலில் இரண்டு குப்பி இருக்கிறது. ஒன்றில் நீ எச்சில் துப்பு, இன்னொன்றில் பெரியப்பா. நான் இங்கேயே கொடுத்துவிட்டேன். நம் வம்சம் எங்கிருந்து வந்தது என்று ஆய்வகம் சொல்லிவிடும். சாமி முன்னால் பெரியப்பா ஒப்பிக்கிற பெயர்களை எவன் நம்புவான்?

வைகாசியில் உன் மருமகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி தயாராக இருக்கட்டும். தொப்பையைக் குறை.

அக்கா,
நதியா

நெல்லிவாசல்
19.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

துப்பி அனுப்பிவிட்டேன். பெரியப்பா, "எச்ச துப்பித்தான் நான் யாருன்னு தெரியணுமா? இன்னா படிப்பு படிச்சா இவ?" என்று குப்பியைப் பரணில் போட்டுவிட்டார்.

அவர் சொல்லச் சொல்ல ஒன்பது தலைமுறைப் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஊர் கூடி ஏற்றிய பெயர். எனக்கு அது போதும். உனக்கும் போதும் என்கிறாள் அம்மா. இதற்கு மேல் தோண்டாதே அக்கா.

மருமகனுக்குச் செங்கத்தில் கடுக்கன் வாங்கிவிட்டேன். தொப்பை அப்படியேதான் இருக்கிறது. அவனுக்கு மெத்தென்று இருக்கட்டும்.

தம்பி,
வெற்றிவேல்

பெங்களூரு
2.4.2024

வெற்றிவேலுக்கு,

முடிவு வந்துவிட்டது. நம் இருவருக்கும் தாய் ஒன்று, தகப்பன் வேறு.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம் முழுக்க அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தார். எனக்குக் கணக்குப் போடத் தெரியும். நீ யார் பிள்ளை என்று அம்மாவிடமே கேட்டுக்கொள்.

ரத்தம் இல்லாதவன் பெயரைச் சாமி முன்னால் சொல்லக்கூடாது, எடுத்துவிடுங்கள் என்று பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன். காதுகுத்துக்கு அவர் மகன் பூவரசன் மடி போதும். அது சுத்தமான வம்சம். எனக்கும் வருத்தம்தான். அதற்காகப் பொய்யைக் கட்டிக்கொண்டு அழ முடியாது.

நதியா

நெல்லிவாசல்
21.4.2024

நதியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் படிக்கச் சொன்னார் பெரியப்பா. நானே படித்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா குடகுக்குத் தனியாகப் போகவில்லை. உங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் கூடப் போனாள். நான் அங்கேதான் உண்டானேன்.

அதற்கு நான்கு வருடம் முன்பு, அமிர்தியில் முதல் புருஷன் துரத்திவிட, அம்மா மூன்று மாதக் கைக்குழந்தையோடு மலையேறி வந்தாள். அந்தக் குழந்தை நீங்கள். அவளைக் கட்டிக்கொண்ட அப்பா, ஊர் கூடிய இடத்தில் உங்களை மடியில் வாங்கி, நாக்கில் தேன் தடவி, "இது எம் பொண்ணு. எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்றாராம். சாகும்போது என் கையைப் பிடித்தும் அதே சத்தியம் வாங்கினார். முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் திறக்க வைத்தீர்கள்.

சந்தேகம் இருந்தால், பெரியப்பாவின் குப்பி இத்துடன் வருகிறது. இந்த முறை துப்பிக் கொடுத்தார்.

நீங்கள் கேட்டபடியே ரத்தம் இல்லாத பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மா தடுக்கவில்லை. "அவ கேட்டதுதான, குடுத்துடுங்க" என்றாள்.

பூவரசன் உங்களுக்கு யாரும் இல்லை. உங்கள் மகனுக்கு ரத்த சொந்தத்தில் இருப்பது ஒரே ஒரு மடி, என்னுடையது. அதில் அவனை உட்காரவைக்க மாட்டேன். கடுக்கனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ராஜாக்கண்ணு மகன் வெற்றிவேல்